மாப்பிள்ளைக்கு வைத்த இங்கிலீஷ் பரீட்சை

போன வாரம் எங்கள் ஊர்க் கடைத்தெருவான ஆரியசாலையில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் தோல் பையும் டையுமாக இரண்டு இளைஞர்கள். மருந்துக் கம்பெனிக்காரர்களாக இருக்கலாம். ஒருவன் மற்றவனிடம், "லெட் அஸ் டிஸ்கஸ் எபௌட் தட்" என்றான். என் கையிலிருந்த டம்ளர் பாதி வழியில் நின்றுவிட்டது. 'டிஸ்கஸ்' என்றால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், அதற்குப் பின்னால் 'எபௌட்' கூடாது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் புருவத்தைத் தூக்கவில்லை. கல்லாவில் இருந்தவர் பல் குத்திக்கொண்டிருந்தார். பையன்கள் இன்னொரு வடை சொன்னார்கள். வானம் இடிந்து விழவில்லை.

எங்கள் காலமாக இருந்திருந்தால் அந்தப் பையன் தொலைந்தான்.

அப்போது நான் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தா; ஆபீஸை அந்நாளில் கச்சேரி என்போம். பி.ஏ. படித்தவன். தாளையும் மைக்கூட்டையும் தவிர வேறெதையும் தொடாத உத்தியோகம். சாயங்காலம் கச்சேரி விட்டதும் கோட்டைக்குள்ளே வந்து, கோயிலை ஒட்டிய பத்மதீர்த்தக் குளத்துப் படிகளில் நாங்கள் சிலபேர் உட்காருவோம். பாசியும் ஈரத் துணியும் கலந்து வரும் அந்தக் குளத்து வாசனையோடு ராமசுப்புவின் மூக்குப்பொடி வாசனையும் சேர்ந்துகொள்ளும். ராமசுப்பு என் சிநேகிதன், அடுத்த மேசைக்காரன், எங்கள் கூட்டத்தின் தலைவன். மற்றவர்கள் காற்று வாங்கக் குளக்கரைக்கு வருவார்கள். நாங்கள் வந்தது அன்றைக்கு ஊரில் யார் யார் இங்கிலீஷில் எங்கெங்கே வழுக்கினார்கள் என்று கணக்கெடுக்க.

இலக்கணம் முழுவதும் எங்களுக்கு வேண்டியதில்லை. வினைச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் அந்தக் குட்டிச் சொற்கள் போதும்: டு, வித், ஆஃப், ஃபார், ஆன். எதற்குப் பின்னால் எது வரும் என்பதற்கு நியாயம் ஒன்றும் கிடையாது. தெரிந்தவனுக்குத் தெரியும், அவ்வளவுதான். நியாயம் இல்லாததாலேயே அது எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தமிழில் 'எனக்கு' என்பதற்கும் 'என்னை' என்பதற்கும் உள்ள பேதம் மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை வைத்துக்கொண்டு யாரை மட்டம் தட்டுவது?

ஒருமுறை ஓர் இரங்கல் கூட்டம். காலராவில் இறந்துபோன சிநேகிதனைப் பற்றி ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசினார். 'டைடு ஆஃப் காலரா' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'டைடு வித் காலரா' என்றுவிட்டார். ராமசுப்பு என் தொடையைக் கிள்ளினான். "எடா, கேட்டியோ? காலராவும் கூடச் சேர்ந்து செத்துப் போச்சாம்!" துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்து சிரித்தோம். இறந்தவர் பெயர் இன்று எனக்கு நினைவில்லை. வாத்தியாரின் பிழை நினைவிருக்கிறது. இப்படித்தான் படித்தவர்களாக இருந்தோம்.

இந்தப் பைத்தியம் குளக்கரையோடு நின்றிருந்தால் பாதகமில்லை. எங்கள் தெருக்களில் அது கல்யாண வழக்கமாகவும் ஆகிவிட்டது. பெண் பார்க்க வரும் பையனுக்கு சொஜ்ஜி பஜ்ஜி கொடுத்த கையோடு, வீட்டில் படித்தவன் யாரோ அவன் இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பான். மாப்பிள்ளை உத்தியோகத்தில் மேலே வருவானா மாட்டானா என்று அதில் தெரிந்துவிடுமாம். ஜாதகம் பார்த்தவர்கள்கூட அத்தனை நிச்சயமாகப் பேசியதில்லை. வீட்டில் படித்தவன் இல்லாவிட்டால் இரவல் வாங்குவார்கள். என்னை அப்படி எத்தனையோ வீடுகளுக்கு அழைத்திருக்கிறார்கள். பஜ்ஜி சாப்பிட்டே எனக்குத் தொந்தி விழுந்தது.

கடைசியில் பரீட்சை எங்கள் வீட்டுக்கே வந்தது. என் தங்கை விசாலத்துக்குப் பதினேழு வயது. அப்பா கோயிலில் வேதபாராயணம் செய்பவர். இங்கிலீஷில் ஓர் எழுத்து தெரியாது. நாகர்கோவிலிலிருந்து ஒரு பையன் வந்தான், சிவராமன் என்று. நில அளவைக்காரன். வெயிலில் அலைந்து கறுத்த முகம், பெரிய கைகள். அப்பாவோடு சுசீந்திரம் தேரைப் பற்றி ஒரு நாழிகை பேசினான். அப்பா தன்னை மறந்து தொடையைத் தட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் தொண்டையைச் செருமினேன். பக்கத்தில் ராமசுப்பு, சாட்சிக்கு அவனையும் உட்கார்த்தி வைத்திருந்தேன். காப்பியா டீயா, எது அதிகம் பிடிக்கும் என்று இங்கிலீஷில் கேட்டேன். அது பொறி. 'ப்ரிஃபர்' என்று ஆரம்பித்தால் பின்னால் 'டு' வர வேண்டும். வந்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான் விழுவார்கள்.

"ஐ ப்ரிஃபர் காஃபி தேன் டீ" என்றான் சிவராமன்.

ராமசுப்பு பொடி டப்பாவைத் திறந்தான். நான் விடவில்லை; இன்னும் இரண்டு கேட்டேன். இரண்டிலும் இடறினான். எங்கள் முகத்தைப் பார்த்து அவனுக்கே விஷயம் புரிந்துவிட்டது.

"சார், அந்த டு, வித், ஃபார் எல்லாம் நமக்கு எப்பவும் தகராறாக்கும்" என்றான் சிரித்துக்கொண்டே. "மலைமேல சங்கிலி பிடிச்சு அளந்துருவேன். இதுங்களை அளக்கத்தான் வரமாட்டேங்குது."

உள்ளே, கதவுக்குப் பின்னால், களுக்கென்று ஒரு சிரிப்பு. விசாலம். பரீட்சை வைக்கிறவனுக்கு அது பொறுக்குமா? அவள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தாள் என்று அப்போதே எனக்குத் தெரியும்.

அவர்கள் வில்வண்டி ஏறிப் போனதும் அப்பா கேட்டார். "என்னடா, எப்படி? நேக்குப் பிடிச்சிருக்கு. நீ படிச்சவன், நீ சொல்லு."

"இங்கிலீஷ் போறாது அப்பா."

"போறாதோ? நேக்கு அதொண்ணும் மனசிலாகலை. ஆள் நன்னாத்தானே பேசினான்?"

"தமிழ்ல பேசினான்" என்றேன்.

ராமசுப்பு உதவிக்கு வந்தான். "மாமா, நாளைக்குக் கச்சேரியில உங்காத்து மாப்பிள்ளைன்னு சொல்லிண்டு வந்து நின்னா, இவன் மானம் போயிடும், கேட்டேளா."

உண்மை அதுதான். விசாலம் எப்படி வாழ்வாள் என்பது எங்கள் கணக்கிலேயே வரவில்லை. குளத்துப் படிக்கட்டில் நான் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும். அதற்காக அவனை வேண்டாம் என்றேன். அப்பா அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சந்தியாவந்தனத்துக்கு எழுந்து போனார்.

அடுத்து வந்தவர் கொல்லத்தில் பாங்கு உத்தியோகஸ்தர். 'ப்ரிஃபர்' கேட்டேன், 'டு' வந்தது. எதைக் கேட்டாலும் மணிமணியாக வந்தது. ராமசுப்பு எழுந்து கையைக் குலுக்கினான். உள்ளே இந்தத் தடவை சத்தமே இல்லை. அந்தச் சித்திரையிலேயே கல்யாணம்.

பிழை பொறுக்காத மனிதர் இங்கிலீஷோடு நிறுத்திக்கொள்வாரா? ஒருமுறை கொல்லத்துக்குப் போயிருந்தேன். விசாலம் என்னைக் கண்ட சந்தோஷத்தில் மூச்சுவிடாமல் ஊர்க்கதை கேட்க ஆரம்பித்தாள். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அவசரப்படாதே. முதல்லேர்ந்து ஒழுங்காக் கேளு" என்றார். அவள் ஒழுங்காகக் கேட்டாள். "இப்பச் சரி" என்றார். இதில் வெட்கக்கேடு என்னவென்றால், பழக்கதோஷத்தில் நானும் தலையை ஆட்டிவிட்டேன். அதற்கப்புறம் நான் இருந்த இரண்டு நாளும், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். புறப்படும்போது சமையலறை வாசலில் நின்று, "நீ பாஸ் போட்ட ஆளாக்கும், அண்ணா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

காலம் போயிற்று. கச்சேரிக் கூட்டம் ஒவ்வொருவராகக் கழன்றுவிட்டது. ராமசுப்பு போய் நாளாகிறது. எங்கள் தெருவில் பாதி வீடுகளை இடித்து மாடி வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷ் பரீட்சை வைத்தோம் என்று சொன்னால் இப்போதைய பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். அவர்கள் செய்வது சரி. அதற்கு மேலேயும் செய்யலாம்.

பாங்கு உத்தியோகஸ்தர் காலமானபின் விசாலம் என்னோடு வந்து தங்கினாள். குழந்தை குட்டி இல்லை. ஒரு மத்தியானம் அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பல வருஷமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன். தப்பு செய்துவிட்டேன், என் மானத்துக்காக உன் வாழ்க்கையைக் கெடுத்தேன், என்றேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.

"வந்தவாளை எல்லாம் அத்தனை கேள்வி கேட்டாய். என்னை ஒண்ணு கேட்டிருக்கலாம்" என்றாள்.

"இப்பக் கேக்கறேன் விசாலம். அன்னிக்குக் கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

நிமிர்ந்து என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். குழந்தையிடம் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்:

"அதை அந்தப் பதினேழு வயசுக்காரிகிட்டன்னா கேக்கணும். அவ எப்பவோ போயாச்சு, அண்ணா."