தலைகீழ் ராஜா

இத்தாலியின் தூரின் நகரத்துப் பலோன் சந்தையில் எவாசியோவுக்கு ‘ஓட்டைக்காரர்’ என்றுதான் பெயர். பழைய வெள்ளிக்காசு சேர்க்கிறவர்கள் துளை போட்ட காசைச் சீந்தவே மாட்டார்கள். இந்த மனிதர் அதை மட்டும்தான் கேட்பார். காசில் துளையிட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் காதலிக்குக் கொடுப்பது அவர் இளைஞராயிருந்த காலத்து ஊர்வழக்கம். துளையின் விளிம்பை விரலால் தடவுவார். கூராக இருந்தால் யாரும் அணியாத காசு. வருஷக்கணக்கில் சங்கிலி உரசியிருந்தால் துளை நீண்டு வழவழப்பாகியிருக்கும்.

அவர் தேடியது ஒரே ஒரு காசை. இருபது வயதில், வேலை செய்த பட்டறையில், உம்பெர்த்தோ ராஜா தலை போட்ட இரண்டு லீராவில் செலிந்தாவுக்காகத் துளை போட்டார். காசின் மறுபுறம், கேடயச் சின்னம் போட்ட பக்கம் மேலே இருக்க, அதன் உச்சியில் போட்டுவிட்டார். இத்தாலியக் காசில் ஒரு பக்கத்துப் படம் நேராக இருந்தால் மறுபக்கத்துப் படம் தலைகீழாக இருக்கும் என்பது அவசரத்தில் மறந்தே போயிற்று.

“உன் ராஜா தலைகீழா தொங்குறாரேடா” என்று சிரித்தபடி அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டாள். அந்த வசந்தத்திலேயே ஒரு கசாப்புக்காரனைக் கட்டிக்கொண்டு அர்ஜென்டினா போய்விட்டாள். ஒரு நாளாவது போட்டுக்கொண்டாளா? ஐம்பது வருஷமாக அவருக்கு அந்த ஏக்கம் தீரவில்லை. மனுஷர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

அன்று கடைக்காரன் குவிந்தோ கூப்பிட்டான். “பெரியவரே, இன்னைக்காவது ஓட்டையில்லாத காசு வாங்கி மானத்தைக் காப்பாத்திக்கோங்க.”

அவன் நீட்டியது ஒரு இரண்டு லீராக் காசு. ராஜாவின் கழுத்துக்குக் கீழே, வருஷத்தின் இரண்டு எட்டுகளுக்கு நடுவில், புது வெள்ளி பளிச்சென்று தெரிந்தது. அவர் போட்ட அதே இடம். அர்ஜென்டினாவிலிருந்து வந்த ஒரு பெண் இறந்துபோன அம்மாவின் சாமான்களோடு விற்றாளாம். நல்ல விலை போகட்டும் என்று இவன் துளையை அடைத்து, மெருகும் போட்டிருக்கிறான்.

எந்த விளிம்பைத் தடவிப் பார்க்க எவாசியோ ஐம்பது வருஷம் அலைந்தாரோ, அதையே பாவி மூடிவிட்டானே. அறிவிருக்கிறதா என்று சந்தையே திரும்பிப் பார்க்கும்படி வைதார்.

குவிந்தோ அதை விலை குறைக்கும் தந்திரம் என்று நினைத்தான்.

“எனக்கு மட்டும் சும்மா வந்துச்சா? சின்ன ஓட்டைன்னு நெனைச்சேன். பார்த்தா, சங்கிலி தேய்ச்சுத் தேய்ச்சு காசோட விளிம்பையே அறுக்கப் பார்த்திருக்கு. அடைக்க ரெட்டிப்பு வெள்ளி வாங்கிருச்சு.”

எவாசியோ விலை கேட்கவில்லை.

“எதுவரைக்கும் தேஞ்சிருந்துச்சு? காட்டு.”

அவன் நகத்தால் தொட்டுக் காட்டினான். அந்த இடத்தில் வைத்த கட்டைவிரலை, வீடு போய்ச் சேரும்வரை அவர் எடுக்கவில்லை.