செவ்வாய்தோறும் சோதனை

ஸ்பெயினின் அ கொருன்யா நகரக் கடற்கரையை ஒட்டிய அந்த மென்பொருள் கூட்டுறவு அலுவலகத்தில் முதலாளி என்று ஒருவரும் இல்லை. எதையும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அன்று செவ்வாய்; மதியம் சபேலாவின் வேலையே ஓட்டுக்கு வரவிருந்தது.

உலகத்துப் பிரவுசர்காரர்கள் சேர்ந்து எழுதும் பொதுச் சோதனைகளைத் தங்கள் பிரவுசர் என்ஜினுக்குள் கொண்டுவருவது அவள் வேலை. செவ்வாய்தோறும் கொஞ்சமாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவள் கட்சி. புதுப் பதிப்பின் வெளியீடு முடிந்தபின் மொத்தமாக ஒரே தடவை போதும் என்பது பிராய்ஸின் கட்சி. வெளியீட்டுக்குப் பொறுப்பு அவன். வியாழக்கிழமை வெளியீடு.

"தாயே, ரெண்டு நாள் கையக் கட்டிக்கிட்டு இரேன்" என்றான் பிராய்ஸ்.

"உன் வாயக் கட்டிட்டு என் கையக் கட்டிக்கிறேன்" என்றபடி சோதனைகளை உள்ளே இழுத்தாள்.

திரையில் எல்லாம் பச்சை; ஒரு சோதனையும் தோற்கவில்லை.

"அட, ஒண்ணுமே உடையல! உனக்கே ஓட்டுப் போட்டாலும் போடுவேன் போ" என்று பிராய்ஸ் காபி குடிக்கப் போனான்.

புதுச் சோதனையில் என்ஜின் தோற்றால், 'இன்னும் செய்யவில்லை' என்று பட்டியலில் எழுதிவிடுவது அங்கே வழக்கம். அப்புறம் அது சிவப்புக் காட்டாது. தானாகவே அப்படி எழுதுவதற்குச் சபேலா ஒரு நிரல் செய்துவைத்திருந்தாள். எம்பனாடா அப்பத்தைக் கடித்துக்கொண்டே பட்டியலைப் புரட்டியவள் மெல்லுவதை நிறுத்தினாள். எழுத்தை அழிக்கும் சோதனை அதில் ஏன் இருக்கிறது? அது போன வாரம் வரை ஒழுங்காக நடந்த காரியமாயிற்றே. கையாலேயே முயன்று பார்த்தாள். ஒரு எழுத்தை அழித்தால் இரண்டு போயின.

பேசாமல் இருந்தால் ஓட்டு அவளுக்கு. இரண்டு நாளில் வெளியீட்டோடு பிழையும் ஊருக்குப் போய்விடும்.

கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தாள். "காலைல பாத்த பச்சை பொய். சோதனை பிழையப் பிடிச்சிருச்சு, என் நிரல் மறைச்சிருச்சு. தப்பு என்னோடது."

பிராய்ஸ் திரையைப் பார்த்தான். காது சிவந்தது. "எழுத்த அழிக்கிற நிரல்ல கைய வெச்சு மாத்துனது நான்தான். போன வெள்ளிக்கிழமை."

"ஆக, உன் குப்பையத்தான் மறைச்சிருக்கேன். நன்றி சொல்லுடா!"

அறையே சிரித்தது.

வெளியீடு ஒரு நாள் தள்ளிப்போனது. செவ்வாய்தோறும் சோதனை வரலாம் என்று ஓட்டு விழுந்தது, ஒரு நிபந்தனையோடு: பட்டியலை இனி ஓர் ஆள் உட்கார்ந்து படிக்க வேண்டும். எல்லோரும் பிராய்ஸைப் பார்த்தார்கள்.

"எத்தன வரி?" என்றான் பாவமாக.

"நூத்தி நாப்பதுதான். சத்தமாப் படி, எனக்கும் கேக்கட்டும்."