சம்பந்தி கொடுத்த பெட்டி

2022 செப்டம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, என் கணவர் கனிமெத்தின் ஆண்டு நினைவு விருந்தில் மரியாதை இருக்கையில் அமர்ந்து, அந்த இடத்தில் அமர்பவருக்கே உரிய இடுப்பெலும்புக் கறியை வாங்கிக்கொண்ட பின், என் சம்பந்தி தொக்தோசுன் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னது இது: "என்ன பண்றது, பிரேக்குல காசு மிச்சம் பிடிக்கப் போனாரு, உசுரே போயிருச்சு." இது பொய்; பொய்யென்று தெரிந்தே அவர் சொன்னார். இதுவே என் குற்றச்சாட்டு. நம் தெருவின் முதியோர் மன்றத்தின் முன் வைக்கிறேன்.

கனிமெத் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நம் ஊர் காரா-பால்தாவிலிருந்து மலைக் கணவாய் தாண்டி ஓஷ் நகரம் வரை வாடகைக் கார் ஓட்டியவர். குடிக்க மாட்டார், பாட மாட்டார். அவருக்கு இருந்த ஒரே செருக்கு பிரேக். மற்ற ஓட்டுநர்கள் உதிரிபாகச் சந்தைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். சுல்தான்குல் என்ற கடைக்காரர் அவரைக் கண்டதும் கத்துவார்:

"வந்துட்டாருய்யா டாக்டரு! பிரேக் பேடுக்கெல்லாம் நாடி பிடிச்சுப் பாப்பாரு!"

"நாடி நின்னதைத்தானே நீ விக்கிற. பாக்காம என்ன செய்ய?"

பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தை அவர் படித்ததே இல்லை. "பெட்டிய யாரு வேணாலும் அச்சடிக்கலாம்டா, இரும்பைப் பாரு" என்பார். பேடின் இரும்புத் தகட்டு ஓரத்தில் விரலை ஓட்டுவார். உராயும் பகுதி தகட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இரண்டு பேடுகளை முகத்தோடு முகம் சேர்த்து, இடைவெளி தெரிகிறதா என்று கவனிப்பார். கடைசியில் கார்ச் சாவியால் தட்டி, காதருகே வைத்துக் கேட்பார். சத்தம் செத்திருந்தால் மறுபேச்சின்றி வைத்துவிட்டு நடப்பார்.

அந்தச் சந்தையில் தொக்தோசுனுக்கு இரண்டு கண்டெய்னர் கடைகள். எங்கள் மகள் நுர்ஸாத் அவர் மகனுக்கு வாழ்க்கைப்பட்ட நாள் முதல் என் கணவர் சந்தையின் பின்வாசல் வழியாகவே போனார். முன்வாசலில் போனால் சம்பந்தியிடம் வாங்க வேண்டும்; சம்பந்தியின் சரக்கைத் தட்டிப் பார்க்க முடியாது. மருமகன் உறவு நூறு வருஷம், சம்பந்தி உறவு ஆயிரம் வருஷம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம்.

2021 ஆகஸ்டில் ஒரு மாலை நுர்ஸாத் ஒரு பிரேக் பேடு பெட்டியோடு வந்தாள்.

"அப்பா, மாமா குடுத்து விட்டாரு. 'உங்கப்பன் என் கடைப் பக்கமே எட்டிப் பாக்குறதில்லையே, என் சரக்கு அவ்வளவு மட்டமா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டாரு. மாட்டியாச்சான்னு நான் போய்ச் சொல்லணும்."

"ஒரு தட்டு தட்டிப் பாருங்களேன்" என்றேன், அடுப்படியிலிருந்து.

"சும்மா இரு ஸூராகான். புள்ள நிக்கிறா."

அவள் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு சக்கரத்தைக் கழற்றி, தட்டிப் பார்க்காமலே அந்தப் பேடை மாட்டினார். அவள் போன பின், "ஓஷ் போயிட்டு வந்து மாத்திடுறேன்" என்றார்.

மறுநாள், கணவாய்ச் சுரங்கம் தாண்டிய இறக்கத்தில், முன்சக்கரப் பேடு தகட்டைவிட்டு உரிந்து வந்தது. காரை மலைப்பக்கமாக மோதி நிறுத்தினார். பயணிகளுக்கு எலும்பு முறிவு. அவருக்கு நெஞ்சில் ஸ்டியரிங் இறங்கியிருந்தது.

மருத்துவமனையில் போக்குவரத்து ஆய்வாளர் கேட்டார்: "பேடு எங்கண்ணே வாங்குனீங்க?"

"சந்தையில... யார்கிட்டயோ. ஞாபகமில்ல தம்பி. பாக்காம வாங்கிட்டேன்."

ஆய்வாளர் எழுதிக்கொண்டு போனார். நான் என் கணவர் காதருகே குனிந்தேன். "ஏன் இப்படிச் சொன்னீங்க? நீங்களா பாக்காம வாங்குற ஆளு?"

"நுர்ஸாத் அந்த வீட்டுலதானே டீ ஊத்தணும்" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை இறந்துபோனார்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மனு எழுதும் முறையை நகலெடுக்கும் கடையில் பிறர் விட்டுச்சென்ற தாள்களைப் பார்த்துக் கற்றேன். அவர் வாங்கிய ஒவ்வொரு பேடுக்கும் டிஸ்க்குக்கும் ரசீது என்னிடம் உண்டு. ஆய்வாளர் அறிக்கை உண்டு, உரிந்த தகட்டின் படம் உண்டு. அந்தப் பெட்டிக்கு மட்டும் ரசீது இல்லை. சம்பந்தியிடம் யார் ரசீது கேட்பார்? தொக்தோசுன் அதை அறிந்தே பேசினார்.

எனக்கு ஒரு சாட்சி உண்டு. அந்த விருந்தில் அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மாமனார் சொன்னதைக் கேட்டாள்; கிண்ணம் நிரம்பி விரிப்பில் வழிந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு தொலைபேசியில், "விட்டுடும்மா. அப்பாவே விட்டுட்டாரு" என்றாள். அவளை நான் மன்றத்துக்கு அழைக்க மாட்டேன். மன்றமும் அழைக்கக் கூடாது.

குளிர்காலம் முழுவதும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடந்த வாரம் கார் நிறுத்தத்தில், மலிவான பேடு வாங்கி வந்த ஒருவனைப் பார்த்து மற்றவன் சிரித்தான்: "டேய், கனிமெத் சாமான் வாங்கியாந்துட்டியா?" அவர் பெயர் இப்போது அதற்கு வழங்குகிறது. நான் ரொட்டிப் பையோடு அங்கேயே நின்றேன். அவர்களுக்கு என்னைத் தெரியவில்லை.

எனக்குப் பணம் வேண்டாம். தொக்தோசுனுக்குத் தண்டனையும் வேண்டாம். அவர் இருக்கை அவருக்கே இருக்கட்டும். அந்தப் பெட்டி தம் கடையிலிருந்து வந்ததா இல்லையா என்பதை மட்டும் அவர் எழுத வேண்டும். இல்லையென்றால் இல்லை என்றே எழுதிக் கையெழுத்திடட்டும். பதிலை மன்றத்தின் வழியாக என் பெயருக்கு அனுப்ப வேண்டும். என் மகள் கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். வாய்மொழிப் பதிலை ஏற்க மாட்டேன். 2023 ஏப்ரல் முடிவதற்குள் எழுத்துமூலமான பதிலைக் கோருகிறேன்.