முதல் பக்கப் பெட்டியில் ஒரு பெயர்

1960 மே 9: 20 பக்கம், 40 டாலர். திருத்தம் 2.
1964 பிப்ரவரி 17: 20 பக்கம், 50 டாலர். திருத்தம் 4.
1968 ஜூன் 3: 20 பக்கம், 60 டாலர். திருத்தம் இல்லை.

நியூயார்க் காமிக்ஸ் அலுவலகம் ஒன்றில் நான் வைத்திருந்த பதிவேட்டின் வரிகள் இவை. டாலர், எமில் ஹ்ருஷ்காவின் கூலி. பேச்சுக் குமிழிகளுக்குள் வசனத்தை மையால் எழுதுவது அவர் வேலை. வசனத்தில் அவர் தானாகச் செய்யும் திருத்தத்துக்குக் கூலி கிடையாது. அவர் பக்கங்களைக் கொண்டுவரும் திங்கட்கிழமைகளில், தட்டச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு வாங்கிய எனக்கு மட்டும் அது தெரியும். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கதாசிரியர் கில் ஃபாரடேயின் நாயகர்கள் அடி வாங்கும்போதும் கிரேக்க புராணம் பேசுவார்கள், பெரும்பாலும் தப்பாக. எமிலோ போரில் காயம்பட்டுப் பதினொரு வாரம் மருத்துவக் கப்பலில் கிடந்தவர். அங்கே கிடைத்த ஒரே புத்தகம் புராண அகராதி. ஒற்றைக்கண் அரக்கனுக்கு ஃபாரடே கொடுத்த இரண்டாவது கண்ணை ஓசையில்லாமல் பிடுங்கிவிடுவார். வாசகர் பக்கத்தில் பாராட்டெல்லாம் ஃபாரடேக்கு.

எமில் கேட்டது ஒன்றுதான். முதல் பக்கத்தில் கதை, ஓவியம் என்று பெயர் போடும் பெட்டியில் தன் பெயரும் வர வேண்டும். அவர் இந்த வேலை செய்கிறார் என்பதை மைத்துனர்கள் இன்னும் நம்பவில்லை.

1968 ஏப்ரலில் ஒரு கல்லூரி ஃபாரடேயைப் பேச அழைத்தது. மேடையில் திருத்த எமில் இல்லை. மாணவர்கள் சிரித்தார்கள். திரும்பி வந்தவர் பழைய இதழ்களைத் தன் பிரதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்.

“யோவ் எமில், எட்டு வருஷமா என் கதையில கை வச்சிருக்கியே?”

“கதையில வைக்கல கில். தப்புல வச்சேன்.”

“உன்னை யாராச்சும் கேட்டாங்களா?”

ஆசிரியர் லஸ்டிக் நடுவில் வந்தார். “கத்தாதீங்கப்பா. எமில், ஐம்பதாவது இதழ்ல உன் பேரைப் போடறேன். ஆனா தாள்ல இருக்கறது அப்படியே குமிழிக்குள்ள போகணும்.”

“அபத்தமா இருந்தாலுமா?”

“அதை விக்கத்தானே கடை வச்சிருக்கோம்.”

அந்த இதழில் நாயகன் வில்லனிடம் சொன்னான்: “மகன் செய்துகொடுத்த மெழுகுச் சிறகோடு சூரியனை நெருங்கிய கிழவன் டெடலஸ் போல விழப்போகிறாய்!” சிறகு செய்தது அப்பன் டெடலஸ், விழுந்தது மகன் இக்காரஸ். எமில் அதை அப்படியே எழுதினார். பெட்டியில், எழுத்து: எமில் ஹ்ருஷ்கா.

முப்பது கடிதங்கள் வந்தன. ஃபாரடே தவறவே மாட்டார், புதிதாகச் சேர்ந்த ஹ்ருஷ்கா என்பவர் பெயர்களைக் குழப்பிவிட்டார் என்று எல்லாமே சொல்லின.

“பேரு வந்தா இதுவும் வரும்” என்றார் ஃபாரடே.

முப்பத்தோராவது கடிதத்தில் அனுப்பியவர் பெயர் இல்லை. அந்த எழுத்தை எட்டு வருஷம் குமிழிகளில் பார்த்தவனுக்கு அது தேவையும் இல்லை. ‘குமிழிக்குள் எழுதுபவர் பெயரை எடுத்துவிடுங்கள். அது இல்லாதவரை இதழ் பிழையில்லாமல் வந்தது.’

லஸ்டிக் இருமுறை படித்தார். “வாசகர் சொன்னா கேக்கணும்பா” என்றார்.

அடுத்த இதழில் பெட்டிக்குள் இரண்டே பெயர்கள். என் பதிவேட்டில் திருத்தம் 5. ஃபாரடே இம்முறை ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

அந்தக் கடிதம் வந்தது 1968 டிசம்பர் 9, திங்கட்கிழமை.