குடிப்பீங்களா என்று கேட்கும் வேலை

வீடு வீடாகப் போய், “நீங்க குடிப்பீங்களா?” என்று கேட்பது என் தொழில். திட்டு வாங்காமல் திரும்பினால் அன்றைக்கு நல்ல நாள். கணக்கெடுக்கப் போய் நாய்க்குப் பயந்து ஓடிய சக பாவிகளுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

எந்த நாட்டில் எப்படிக் குடிக்கிறார்கள் என்று ஒப்பிடும் சர்வே இது; உலகம் முழுக்க ஒரே கேள்விகளாம். எந்த அளவில் குடிக்கிறார்கள் என்று கேட்டுக் காட்டுவதற்கு, சின்னதும் பெரிசுமாக டம்ளர் படங்கள் போட்ட அட்டை வேறு. இந்த நேரம் பார்த்துத்தான் வீட்டில் எனக்கு மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார்கள். குடிக்காதவராக இருக்க வேண்டும், நான் கேட்டது அவ்வளவுதான். ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு, “பழக்கமே இல்லை” என்று யார் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

குடும்பத்தோடு ஒரு கிளாஸ்

‘இரவு உணவின்போது குடும்பத்தாரோடு அருந்துவீர்களா?’ என்பது ஒரு கேள்வி. எந்த ஊர் வழக்கமோ! நாமக்கல்லில் ஒரு லாரி டிரைவரிடம் கேட்டேன். அவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“ஏனுங்க, கடைக்குப் பின்னால நின்னு ஒரே மடக்குல ஊத்திக்கிட்டு, பாக்கு போட்டுட்டு ஊடு வர்றவன் நானு. குடும்பத்தோட உக்காந்து குடிச்சா வெளக்குமாறு பறக்குமுங்க!”

காபி உபசாரம்

திருச்செங்கோடு பக்கம் ஒரு தோட்டத்து வீடு. கேள்வியைக் கேட்டதும் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சம்பந்தம் பேசுமுன் பையனைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அங்கே வழக்கம். பெண் வீட்டார் நேராகத் தன் வீட்டுக்கே ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துவிட்டார். அடையாள அட்டையைக் காட்டினேன். காபியும் முறுக்கும் வந்தன.

“அட்டையெல்லாம் யாரு வேணாலும் அடிச்சுக்கலாம் சாமி. பொண்ணு ஊடு எந்தூருன்னு மட்டும் சொல்லு. எம்பையன் சோடாகூடத் தொட மாட்டான்!”

டம்ளர் சோதனை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒருவர், “வாழ்க்கையில் தொட்டதே இல்லை” என்றார். விதிப்படி அவருக்கும் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இதில் எது? தண்ணி கலந்தா, கலக்காமலா?” என்றார்.

தெருவுக்கு வரும்வரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள், கூட வேலை பார்க்கும் சல்மா. குடிக்காதவர்கள் அட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள் என்பது எங்கள் அனுபவம்.

“பழக்கம் இல்லாத மனுஷனுக்கு டம்ளர் அளவு எதுக்குடி?”

பெண் பார்க்க வந்தவர்

மேட்டூரில் கம்பெனி வேலை. பாக்குகூடப் போட மாட்டார் என்று தரகர் சத்தியம் செய்தார். தனியாகப் பேச எங்களை மாடிக்கு அனுப்பினார்கள். அவர் முகம் எனக்குப் பிடித்திருந்தது. இவரையாவது நம்பிவிட வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்பட்டேன்.

“குடிப்பீங்களா?”

“சேச்சே, இல்லைங்க.”

அதோடு விட்டிருக்கலாம். தொழில் புத்தி விடவில்லை. “சும்மா ஒரு பேச்சுக்கு, குடிச்சா ஒரு தடவைக்கு எத்தனை டம்ளர் குடிப்பீங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மிக மரியாதையாகக் கேட்டார்.

“எந்த அளவு டம்ளருங்க?”

உலகம் எப்படிக் குடிக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியாது, என் கல்யாணம் ஒரு டம்ளர் அளவில் வந்து நின்றுபோனது மட்டும் தெரியும்.