முந்திப் பாடிய பாட்டு

"ரேடியோவை யாரு போட்டது?"

ஆர்வில்லா ஆலி ஒடெட்டிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான். தூய அந்திரேயா ஆலயத்தின் பின்கட்டு அறையில், பித்தளை மெழுகுவத்தித் தண்டு ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்த ஒடெட் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"ரேடியோ இல்லீங்க மிஸஸ் ஆலி. நான்தான் முனகிட்டிருந்தேன்."

"ஓ. அப்போ உன்னை அணைக்கிற பொத்தான் எங்க இருக்கு?"

சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா என்று ஒடெட்டுக்குத் தெரியவில்லை. "கிறிஸ்துமஸ் பாட்டுதானேங்க. நாளைக்கு டிசம்பர் பொறக்குது," என்றாள்.

"டிசம்பர் பொறக்கும். குழந்தை பொறக்காது. இருபத்துநாலாந்தேதி சாயங்காலம் வரைக்கும் இந்தக் கூரைக்குக் கீழ அந்தப் பாட்டு கிடையாது. உங்க ஊர்ல எப்படியோ?"

"எங்க வீட்ல அம்மா நவம்பர்லயே ஆரம்பிச்சுடுவாங்க. கடையிலகூட ஹாலோவீன் முடிஞ்ச மறுநாளே போட்டுடறாங்களே."

"கடைக்காரனுக்கு யாரு வரப்போறாங்கன்னு தெரியாது. தெரிஞ்சா பாட்டுப் போடமாட்டான். ஷட்டரை இழுத்துச் சாத்திட்டு உள்ள உக்காந்துக்குவான்."

"குழந்தைதானே வரப்போகுது?"

ஆர்வில்லா அலமாரியிலிருந்து பீடத்தின் அடர்நீலத் துணியை எடுத்து ஓர் உதறு உதறினாள். கற்பூர உருண்டை வாசனை அறையெங்கும் பரவியது.

"குழந்தை ஒரு தடவை வந்துட்டுப் போயாச்சு, கண்ணு. அது சின்ன வேலை. இனிமே வரப்போறது குழந்தையும் இல்ல, தொட்டில்ல படுக்கப்போறதும் இல்ல. இந்தா, இந்த முனையைப் புடி. தரையில படக் கூடாது."

ஒடெட் பிடித்தாள். சன்னலுக்கு வெளியே நடுமதியம் கழிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அதற்குள் டார்பெல் துறையின் மேல் வெளிச்சம் வடிந்து, தண்ணீர் ஈய நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

ஒடெட், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், வடக்கு எல்லையில் பிரெஞ்சு பேசும் உருளைக்கிழங்குக் காட்டிலிருந்து வந்தவள். வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் இரண்டு மொழி. டார்பெல் துறை என்னும் இந்த மீனவ ஊரின் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்து வந்தவளுக்கு, ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார ஓர் இடம் தேவைப்பட்டது. அதிகம் பேசாத அவளைப் போய் வேதபாடம் வாசிக்கச் சொன்னார்கள். ஆலயத்தில் யாரும் காரணம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை.

ஆர்வில்லா பிறந்ததே அந்தத் துறையில். பதினாறு வயதில் மத்தி மீன் டப்பா ஆலையில் சேர்ந்தாள். கத்தரிக்கோலால் மீனின் தலையையும் வாலையும் நறுக்கி டப்பாவில் அடுக்கும் வேலை. விரல்களில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு கூடத்து விளக்கொளியில் நின்றே பாதி ஆயுள் போனது. ஆலை மூடிய நாளில் மற்றப் பெண்கள் அழுதார்கள். இவள் தன் கத்தரிக்கோலைக் கழுவித் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, அதே கத்தரியால் ஆலயத்துக்கு ஊசியிலைக் கிளைகளை வெட்டத் தொடங்கினாள். கணவன் லின்வுட் சிங்கி இறால் பிடிப்பவன். நாற்பதாண்டுக் குடித்தனத்தில் அவளை எதிர்த்துப் பேசியது இரண்டோ மூன்றோ தடவைதான் என்று ஊரில் சொல்வார்கள், அதிலும் தோற்றுப்போனானாம். அவன் இறந்த பிறகு மகன் வெஸ்டன் அதே படகில் கடலுக்குப் போகிறான்.

பீடத்துத் துணி, மெழுகுவத்தி, பாத்திரம் எல்லாம் அவள் பொறுப்பு. ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்து நான்கு வாரம் மட்டும் ஆலயமே அவள் கைக்குள் வந்துவிடும். பூச்சாடிகள் உள்ளே போகும். பித்தளை போய் மரச் சிலுவை வரும். கிறிஸ்துமஸ் குடிலின் மரியாளும் யோசேப்பும் கழுதையும் வாசல்பக்கத்துச் சன்னலடியில் நின்று, வாரத்துக்கு ஒரு சன்னலாகப் பீடத்தை நோக்கி நகர்வார்கள். ஞானிகள் மூவரும் ஜனவரி வரை பாய்லர் அறையில். "கிழக்கேயிருந்து வராங்க, சூடா இருக்கட்டும்," என்பாள்.

வாரத்துக்கு ஒன்றாக ஏற்றும் நான்கில் ரோஸ் நிற மெழுகுவத்தி ஒன்றுதான் அவளுக்கு ஆகாது. மூன்றாவது ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு என்று அதை ஏற்றுவது வழக்கம். "நியாயந்தீர்க்க வர்றவருக்கு ரோஸ் கலரா? யாரு கண்டுபிடிச்சது, சோப்புக் கம்பெனிக்காரனா?" என்று ஒவ்வொரு வருடமும் கேட்பாள். கேட்டுவிட்டு ஒழுங்காக ஏற்றியும் வைப்பாள்.

பாடகர் குழுவில் அடிக்குரல் பாடும் ரெஜி, படகு பழுதுபார்க்கும் பட்டறைக்காரன், ஒருமுறை விளையாட்டாகக் குழந்தை இயேசுவின் சொரூபத்தை முதல் வாரத்திலேயே தொட்டிலில் கொண்டுபோய் வைத்துவிட்டான். ஆர்வில்லா ஆராதனையின் நடுவில் எழுந்து போனாள். சொரூபத்தை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது அவள் வீட்டு மேசை டிராயரில்தான் இருக்கும். இருபத்துநாலாம் தேதி மாலை, முதல் பாட்டு எழும்பும்போது, அவளே நடந்து வந்து அதைத் தொட்டிலில் வைப்பாள். அந்தப் பொழுதுக்காக மட்டும் அவளுக்கு ஒரு ஜோடி நல்ல கறுப்பு ஷூ உண்டு.

ஒடெட் வந்து சில வருடங்கள் கழித்து ஓர் இலையுதிர் காலத்தில், ஆர்வில்லாவின் மேனி மஞ்சள் பூத்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வயிற்றுக்குள் கட்டி, அறுக்க முடியாத இடம். எவ்வளவு நாள் என்று அவள் கேட்கவில்லை. வெஸ்டன்தான் வெளியே தாழ்வாரத்தில் டாக்டரை மடக்கிக் கேட்டான். கேட்டதைத் தாயிடம் சொல்லாமல் மதர் ஜாஸ்லினிடம் வந்து சொன்னான். மதர் என்று அவர்கள் அழைப்பது ஆலயத்தின் குருவானவரை. நல்ல பெண், நாற்பது வயது இருக்கும், யார் வருத்தமும் பொறுக்காதவள்.

மூன்றாவது ஞாயிறு, ரோஸ் மெழுகுவத்தியை முதல்முறையாக வேறொருவர் ஏற்றினார். ஆராதனை முடிந்து கூடத்தில் காபி ஊற்றும் நேரத்தில் வெஸ்டன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

"கிறிஸ்துமஸைப் பார்க்கமாட்டாங்கன்னு சொல்லிட்டாங்க," என்றான். "அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. இருபத்துநாலாந்தேதி ஆலயத்துக்கு வரணும்னு அந்த ஷூவைப் பாலிஷ் போட்டு வெச்சிருக்காங்க. அந்த நெனப்புலதான் உசுரு நிக்குது."

யாரும் காபியைத் தொடவில்லை.

"அவங்களால கிறிஸ்துமஸுக்கு வர முடியலேன்னா," என்றாள் மதர் ஜாஸ்லின் மெதுவாக, "நாம கிறிஸ்துமஸை அவங்ககிட்ட கொண்டுபோவோம். போய்ப் பாடுவோம். இது மகிழ்ச்சியின் வாரம்தானே, தப்பில்ல."

"அவ கத்தரிக்கோலை முதல்ல ஒளிச்சு வைங்கப்பா," என்றான் ரெஜி. எல்லாரும் சிரித்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டும் சிரித்தார்கள்.

"அவங்களுக்குப் பிடிக்காது," என்றாள் ஒடெட். தாழ்ந்த குரல். நாற்காலிகள் இழுபடும் சத்தத்தில் பக்கத்தில் நின்றவருக்குக்கூடக் கேட்டதா என்பது சந்தேகம்.

புதன்கிழமை பள்ளி விட்டதும் போனார்கள். குளிர் இறுகி, வளைகுடாத் தண்ணீரின் மேல் வெள்ளைப் புகை எழும்பி நின்றது. படகுகள் அதற்குள் பாதி மறைந்து, கயிறு கட்டாதவை போல மிதந்தன. கடற்பறவை ஒன்றுகூடக் கத்தவில்லை. ஆர்வில்லாவின் வீட்டு வாசலில் அவளுடைய கிழநாய் படுத்திருந்தது. அது அந்த வாரம் முழுக்கக் கட்டிலருகே போக மறுத்துவிட்டதாக வெஸ்டன் சொன்னான். பலரும் பூட்ஸைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டித் தாண்டி உள்ளே போனார்கள்.

அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். முகம் சிறுத்து, மூக்கு மட்டும் எடுப்பாகத் தெரிந்தது. மதர் ஜாஸ்லின் நீலத்தை விட்டு, கிறிஸ்துமஸுக்குரிய வெள்ளைத் தோள்துணியைப் போட்டுக்கொண்டாள். ரெஜி, இந்த முறை விளையாட்டாக அல்ல, டிராயரைத் திறந்து குழந்தைச் சொரூபத்தை எடுத்து, மருந்துக் குப்பிகளை ஒதுக்கிவிட்டுத் தலைமாட்டில் வைத்தான். பாமாலைப் புத்தகங்களை விரித்தார்கள். அந்த வருடத்தின் முதல் கிறிஸ்துமஸ் பாட்டு, ஊரிலேயே அது எழும்பக்கூடாத வீட்டில் எழும்பியது.

நன்றாகத்தான் பாடினார்கள். ஒடெட் மட்டும் கதவோரம் நின்று, புத்தகத்தைத் திறக்காமல், கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆர்வில்லா கண் திறந்தாள். முதலில் வெள்ளைத் தோள்துணி. பிறகு தலைமாட்டுக் குழந்தை. பிறகு பாட்டு. அவள் முகத்தில் வந்தது மகிழ்ச்சி அல்ல, பதற்றம். இரண்டு கையையும் ஊன்றி எழ முயன்றாள்.

"என் ஷூ எங்க? வெஸ்டன்! மணி என்ன? ஏண்டா என்னை எழுப்பல? குழந்தை இன்னும் இங்க இருக்கு, அங்க பாட்டு ஆரம்பிச்சாச்சு!"

பாட்டு ஒவ்வொரு குரலாக நின்றது. ரெஜியின் அடிக்குரல் மட்டும் ஒரு வரி தனியே ஓடி, அதுவும் நின்றது.

"படுங்கம்மா," என்றான் வெஸ்டன்.

"கோட்டை எடு. எல்லாரும் ஏன் இங்க நிக்கிறீங்க? ஆலயத்துல யாரு இருக்கா?"

அவள் கை கோட்டுக்காக நீண்டபடியே நின்றது. வெஸ்டன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மதர்," என்றாள் ஆர்வில்லா. குரல் மாறிவிட்டிருந்தது. "இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன், ஆர்வில்லா."

"எந்த வாரத்துப் புதன்?"

மதர் ஜாஸ்லின் பொய் சொல்லத் தெரியாதவள். "மூணாவது வாரம்," என்றாள்.

ஆர்வில்லா நீட்டிய கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவளோடு மத்தி நறுக்கியவர்கள், அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். அவளுக்குப் பயந்தே இத்தனை வருடம் டிசம்பரில் வாய்மூடி இருந்தவர்கள் அத்தனை பேரும். அவர்கள் அவளை மீறிப் பாட வேண்டுமென்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அதை அவளைவிட நன்றாக அறிந்தவர் அந்த அறையில் இல்லை.

"அப்படியா சங்கதி," என்றாள். "கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரா."

வெஸ்டனின் முதுகு குலுங்கியது. மறைக்க நினைத்ததை இதைவிடத் தெளிவாக யாராலும் அவளுக்குச் சொல்லியிருக்க முடியாது. ரெஜி புத்தகத்தை மூடினான்; அந்தச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது.

"நாங்க நல்லதுன்னு நெனச்சு..." என்று தொடங்கினாள் மதர் ஜாஸ்லின்.

"தெரியும். அழாதே. நல்லாத்தான் பாடினீங்க. ரெஜி மட்டும் எப்பவும்போல மாடு கத்துற மாதிரி." மூச்சு வாங்கினாள். "அதைத் திரும்ப டிராயர்ல வை, ரெஜி. நேரம் வரல."

அவன் வைத்தான். டிராயர் குளிரில் இறுகி, இரண்டு தடவை தள்ளியபின்தான் மூடியது. கொண்டுவந்த சௌடர் சூப்பையும் கரும்புப்பாகு பிஸ்கட்டையும் அடுப்படியில் வைத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் போனார்கள். கார்களின் விளக்கு ஒவ்வொன்றாகக் கடற்புகைக்குள் நுழைந்து அணைந்தது. வெஸ்டன் படகைப் பார்த்து வருகிறேன் என்று போய், இறங்குதுறையில் தனியே நின்றான்.

ஒடெட் கோப்பைகளைக் கழுவ நின்றுவிட்டாள். விளக்கு போடும் நேரம். வாசலிலிருந்த நாய் எழுந்து, வீட்டுக்குள் பார்த்து ஒருமுறை உறுமிவிட்டு, மறுபடி படுத்தது.

"ஒடெட்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போனாள். ஆர்வில்லா கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"நீ மட்டும் வாயைத் தொறக்கல. பார்த்துட்டுதான் இருந்தேன்."

ஒடெட் துடைத்த கையை மறுபடியும் துடைத்துக்கொண்டாள்.

"உக்காரு. வெஸ்டன் வர்றதுக்குள்ள ஒண்ணு கேக்கணும். நாளையிலேருந்து நர்ஸ் பெரிய மருந்து தரப்போறா. வலி தெரியாம தூங்கலாமாம். அவனுக்கும் அதுதான் வேணும். நான் தூக்கத்துலயே போயிட்டேன்னா அவனுக்கு நிம்மதி. அவன்கிட்ட கேட்டா செய்யமாட்டான். மதர் ஜெபம் பண்ணுவா, அழுவா, ஆனா செய்யமாட்டா."

"என்ன செய்யணும், மிஸஸ் ஆலி?"

சன்னலில் இருட்டு கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆர்வில்லா தலையைத் திருப்பி அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அங்கே யாரோ வந்து நிற்பதுபோலவும், இன்னும் கொஞ்சம் பொறு என்று அவள் சொல்வதுபோலவும் இருந்தது.

"இத்தனை வருஷமா வருவாரு வருவாருன்னு சொல்லிட்டு, அவரு வரப்போ நான் குறட்டை விட்டுட்டுக் கிடக்கக் கூடாது. கடைசி நேரத்துல மூச்சு மாறும், உனக்கே தெரியும்."

"பயமா இருக்காதா உங்களுக்கு?"

"இருக்கும். இப்பவே இருக்கு." போர்வைக்கு வெளியே வந்த கை, வயதையும் நோயையும் மீறிய பிடியாக, ஒடெட்டின் மணிக்கட்டை இறுக்கியது. "அப்போ என்னை எழுப்பிடு. மெதுவா கூப்பிடாதே, தோளைப் புடிச்சு உலுக்கு. வலிச்சா வலிக்கட்டும். எழுப்பிடு, கண்ணு."