கடைசி பஸ்ஸும் விவாதக் கழகமும்

பல்கலைக்கழக இரண்டாம் வருடத்தில் எங்களுக்கு மனவெழுச்சி நுண்ணறிவு என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். வராவிட்டால் வரவு வெட்டுப்படும் என்று சொன்னதால் மண்டபம் நிறைந்துவிட்டது. பயிற்சி நடத்த வந்த வளவாளர் வெளியூர்ப் பெண்மணி. குரலை உயர்த்தாமல் கதைப்பார். கதிரைகளையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளச் சொன்னார்.

"ஏதாவது ஒரு சங்கத்தில இருக்கிற ஆக்கள் முன்னுக்கு வாங்கோ."

நான் விவாதக் கழகத்தில் இருந்தனான். முன்னுக்குப் போனேன். என் சிநேகிதி சுவரோடு நின்றாள். விடுதியில் இடம் கிடைக்காமல் கந்தளாய்ப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து தினமும் வந்துபோகிறவள். வகுப்பில் அவளோடு வாதாடி வெல்ல எங்களில் ஒருவருக்கும் ஏலாது.

"ஏன் பின்னுக்கு நிக்கிறீங்கள்? கூச்சமா?" என்று வளவாளர் கேட்டார்.

"இல்லை மிஸ். கூட்டமெல்லாம் பின்னேரம் அஞ்சரைக்குத்தான். அதுக்கு நிண்டா கந்தளாயில எங்கட ஊருக்குப் போற கடைசி பஸ் போயிடும்."

சிலர் சிரித்தார்கள். வளவாளரும் புன்னகைத்தார். "பயத்துக்கு நாங்கள் எப்பவும் ஒரு காரணம் வச்சிருப்பம். மனம் வச்சா வழி இருக்கும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், அவவுக்குப் பயமில்லை. பஸ்தான் இல்லை" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நல்லது. இப்ப உங்களுக்குக் கோபம் வந்திருக்கு. அது உடம்பில எந்த இடத்தில இருக்கெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசினது பஸ்ஸைப் பற்றி. அவர் என் தொண்டையையும் நெஞ்சையும் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். பதில் சொல்லாமல் நின்றேன். அதையும் "மௌனம் ஒரு தற்காப்பு" என்று மற்றவர்களுக்கு விளக்கினார்.

அன்று பயிற்சி நேரம் கடந்துதான் முடிந்தது. சிநேகிதி ஓடினாள். பிறகு போனில் கேட்டபோது, கந்தளாயில் இறங்கினபோது ஊர் பஸ் போய்விட்டதால், அண்ணன் மோட்டார் சைக்கிளில் வரும்வரை கடையொன்றின் முன்னால் நின்றதாகச் சொன்னாள். வீட்டில் ஏச்சு.

அடுத்த வாரம் கழகச் செயலாளரிடம் போய், கூட்டத்தை மத்தியான இடைவேளைக்கு மாற்றச் சொன்னேன்.

"சாப்பாட்டு நேரம் ஆர் வருவினம்?"

"ஒருக்கா வச்சுப் பாருங்கோவன்."

வைத்தார்கள். அவள் பேசினாள். மீனவர் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிய விவாதம். அவள் முடித்தபோது எதிரணியே கைதட்டியது. சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமல் கேட்டவர்களும் இருந்தார்கள். அடுத்த கூட்டம் பழையபடி அஞ்சரைக்கு. கேட்டால், கழகத்துக்குப் பொறுப்பான விரிவுரையாளருக்கு மத்தியானம் வசதிப்படாதாம்.

நான் கழகத்தை விட்டு விலகினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. "நீயும் போனா அங்க இதை ஆர் கேக்கிறது?" என்று என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அவள் சொன்னது சரி என்று தெரிந்தும் நான் திரும்பப் போகவில்லை. எரிச்சல் அவ்வளவு.

பட்டமளிப்புக்கு முன் ஒரு விரிவுரையாளர் அவளிடம் சொன்னாராம்: "கெட்டிக்காரி நீர். கொஞ்சம் எல்லாரோடயும் சேர்ந்து பழகியிருக்கலாம்."

"ஓம் சேர் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். வேற என்ன சொல்ல?" என்றாள்.